பின்பக்கமாக மலையேறிய வண்டி

வேதாச்சலம் அந்தக் காரை வாங்கி வந்த நாளிலிருந்து அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். அவருடைய மனைவி தாட்சாயணி அப்படிப் பெருமைப்படவில்லை. அதன் கோணல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

சித்தூரில் மிஷன் டாக்டராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் நடுவில் இருப்பது பிரேக் என்றால், இதற்கு நடுவில் இருந்தது ஆக்சிலேட்டர். பிரேக் வலதுகோடியில் இருந்தது. உள்ளே இரண்டே பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால், பின்னால் சாமான் வைக்கும் டிக்கியின் மூடியை நிமிர்த்த வேண்டும். அதற்குள்ளிருந்து ஒரு சீட்டு எழும்பும். மட்கார்டில் கால் வைத்து, கால்வாயைத் தாண்டுகிறவர் மாதிரி காலைத் தூக்கிப் போட்டு அதில் ஏறிக்கொள்ள வேண்டும். வெயிலும் காற்றும் தூசியும் அவருக்கே. முன்னால் இருப்பவர்கள் பேசுவது அவர் காதில் விழாது. கான்வாஸ் கூரையின் பின்பக்கத்தில் சுருட்டிக் கட்டும் ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் தலையை நுழைத்துக் கத்தினால்தான் உண்டு.

பெட்ரோல் டாங்கி முன்சீட்டு மெத்தைக்கு அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கி, மூடியைத் திருகி, குச்சியை விட்டு எதுவரைக்கும் நனைகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு ரகசியம் உண்டு. அந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாகவே சரிந்து இஞ்சினுக்குப் போகும். இழுத்துக் கொடுக்க பம்பு கிடையாது. டாங்கி பாதிக்கும் கீழே குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், இஞ்சின் மேலே போய்விடும், பெட்ரோல் கீழே தங்கிவிடும். வண்டி இருமி இருமி நின்றுவிடும்.

"அப்போ என்ன செய்யணும் தெரியுமா?" என்று சாவியைக் கொடுக்கும்போது டாக்டர் தன்னுடைய துரைத் தமிழில் சொன்னார். "வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மலை ஏறணும். ரொம்ப நல்லா ஏறும்."

வேதாச்சலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. விஜயபுரத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர், புட்டத்தைக் காட்டிக்கொண்டு மேடு ஏறுவதா? "இத யாருகிட்டயும் சொல்லிக்கினு திரியாத" என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து மேடு வரும் பாதை என்றால் கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். தாட்சாயணி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீராமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நகரி, புத்தூர் பக்கத்தில் சந்தைக்குச் சந்தை கூட்டம் நடந்தது. வேதாச்சலம் மதராஸோடு சேர வேண்டும் என்ற கட்சி. ஒருநாள் புத்தூரில் மேடையேறி, "திருப்பதிக்குப் பொழைக்கப் போன சில பேரு, நாக்கையும் சேர்த்து வித்துட்டாங்க" என்று பேசிவிட்டு வந்தார். அந்தச் சில பேரில் முதல் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தாட்சாயணியின் அண்ணன் முனிரத்தினம், திருப்பதித் தேர் வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஊர்கள் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னவர். "நாளைக்கு என் தங்கச்சி ஊட்டுக்கு நான் வேற ராஜ்யத்துக்குப் போகணுமா?" என்பது அவர் கட்சி.

பேச்சு அவர் காதுக்கு எட்டியதும் முனிரத்தினம் சபதம் போட்டார். "நாக்க வித்துட்டேன்னு சொன்னான் இல்ல? இனிமே அந்தாளுகிட்ட தெலுங்குலதான் பேசுவேன்." இங்கே வேதாச்சலம் பதில் சபதம் போட்டார். "பேசிக்கட்டும். எனக்குத் தெலுங்கே தெரியாது."

மூட்டை மூட்டையாக வேர்க்கடலையைத் தெலுங்கிலேயே பேரம் பேசி வாங்கியவர் அவர். கோபம் வந்தால் மாட்டைத் தெலுங்கில்தான் திட்டுவார். இருந்தாலும் சபதம் சபதம்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே மாசங்கள் ஓடின. இதற்கு நடுவில்தான் மகள் சுந்தரிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குலவழக்கப்படி திருமலையில், மேலே ஒரு மடத்துச் சத்திரத்தில் முகூர்த்தம்.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியுமா? தாட்சாயணி திருப்பதிக்கு ஆள் அனுப்பினாள். "பொண்ணப் பெத்தவன் என் வாசல்ல வந்து கூப்புடட்டும். நான் வரேன்" என்று பதில் வந்தது. அதைப் புருஷனிடம் சொன்னாள்.

"நானா? நான் போய்க் கூப்புடணுமா? வேணும்னா அவனே வந்து ஏறிக்கினு வரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

 தாட்சாயணி அடுப்படிக்குப் போய் அதிரசப் பாகைக் கிளறினாள். பாகு பதத்துக்கு வருவதற்குள் அவளுக்கு யோசனையும் பதத்துக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்: "அவரே கார எடுத்துக்கினு உன் கடை வாசலுக்கு வராரு. தயாரா இரு." புருஷனிடம் சொன்னாள்: "எங்கண்ணன் எறங்கி வந்துட்டாரு. கார்ல எடம் இருந்தா ஏத்திக்கினு போகச் சொல்றாரு."

"அப்டி வா வழிக்கு" என்றார் வேதாச்சலம். மீசை இரண்டு பக்கமும் ஏறியது.

கல்யாணக் கோஷ்டி முந்தின நாளே பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டது. சுந்தரியை அத்தைமார் பார்த்துக்கொண்டார்கள். வேதாச்சலம் மட்டும், சம்பந்தி வெங்கடரமணன் பார்க்கக் காரில் போய் இறங்க வேண்டும் என்று பின்தங்கினார். விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

"பெட்ரோல் பாரு மே" என்றார் மனைவியிடம், கண்ணாடியில் நெற்றிக்கு இட்டுக்கொண்டே.

தாட்சாயணி மெத்தையைத் தூக்கிக் குச்சியை விட்டாள். அடியில் கொஞ்சம் நனைந்தது. திருப்பதி வரைக்கும் தாராளமாகப் போகும். மலை ஏறவும் காணும். ஆனால் நேராக ஏறக் காணாது. குச்சியைத் துடைத்துவிட்டு, "நனைஞ்சிருக்குது" என்றாள். பொய் இல்லையே.

அவள் போட்ட கணக்கு இதுதான். வண்டி ரிவர்ஸில் மலை ஏறும்போது, டிக்கி மூடி நிமிர்ந்து ஓட்டுகிறவர் பார்வையை மறைத்துவிடும். டிக்கியில் இருப்பவருக்கு மட்டும்தான் பாதை தெரியும். அவர் வாயைத் திறந்து வழி சொன்னால்தான் வண்டி நகரும். பேசாமல் எங்கே போவார்கள்?

தேர் வீதியில் கடை வாசலில் கார் நின்றது. வேதாச்சலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. கடைக்குள் முனிரத்தினம் பட்டு வேட்டி, தலைப்பாகை, சீர்த்தட்டு சகிதம் உட்கார்ந்து நேராகப் பித்தளை அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

தாட்சாயணி கையை வெளியே நீட்டி, கதவோரம் இருந்த ரப்பர் ஹாரனைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள். தெருவிலிருந்த மாடு ஒன்று மிரண்டு ஓடியது.

"எதுக்கு மே அமுக்குற?"

"ஈ உக்காந்துக்கினு இருந்துச்சு." சொல்லிக்கொண்டே இறங்கிக் கடைக்குள் போனாள். "இன்னாண்ணா, காது கேக்கலியா? வாசல்ல வந்து கூப்புட்றாரே."

"ஆரன் அடிச்சா கூப்புட்ற மாதிரியா?"

"மில்லு மொதலாளிங்க அப்டித்தான் கூப்புடுவாங்க. இன்னொரு வாட்டி அமுக்கச் சொல்லட்டுமா?"

முனிரத்தினம் எழுந்து வந்தார். டிக்கியைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்ததும் நின்றார். தாட்சாயணி அவர் காதோரமாகச் சொன்னாள்: "தொரைங்க மரியாதைக்குரிய ஆள இதுலதான் உக்கார வெப்பாங்களாம். ஊரே பாக்கும்." முன்னால் வந்து புருஷனிடம் சொன்னாள்: "பின்னால போட்டுட்டேன், மூட்ட மாதிரி." இரண்டு பேருக்கும் திருப்தி.

மலையடிவாரத்து அலிபிரி போகிற வரைக்கும் பாதை குண்டும் குழியுமாக இருந்தது. பின்னால் முனிரத்தினம் சீர்த்தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பந்து மாதிரி எழும்பி எழும்பி விழுந்தார். கான்வாஸ் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மாட்டு வண்டி ஓட்ன கையில கார் குடுத்தா இப்டித்தான்னு சொல்லு உன் ஊட்டுக்காரருகிட்ட."

"இன்னா சொல்றான்?" என்றார் வேதாச்சலம்.

"வண்டி சொகமா இருக்குதாம். உங்க கைராசின்றாரு."

வேதாச்சலம் ஒரு குழியைச் சுற்றி வளைத்து ஓட்டினார். "தெரியுதில்ல? பாத்திரம் விக்கிறவனுக்கும் கொஞ்சம் வெவரம் இருக்குதுன்னு சொல்லு."

தாட்சாயணி ஜன்னலில் தலையை விட்டாள். "ண்ணா, தட்டு கனமா இருந்தா சொல்லச் சொன்னாரு. மெதுவா ஓட்றாராம்."

முனிரத்தினம் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் வண்டி உண்மையிலேயே மெதுவாகத்தான் போயிற்று. புகழ்ச்சி கேட்ட கை, ஸ்டியரிங்கைப் பதமாகப் பிடித்திருந்தது.

மலைப் பாதை தொடங்கியது. முதல் சில வளைவுகளைக் கார் முனகிக்கொண்டே ஏறியது. பிறகு பாதை நிமிர்ந்தது. வண்டி ஒரு இருமல் இருமியது. இன்னொன்று. அப்புறம் பெருமூச்சு விட்டு நின்றது. வேதாச்சலம் பிரேக்கை மிதித்தார். காடு முழுக்க அமைதி. மேலே எங்கோ ஒரு குரங்கு மட்டும் கத்தியது.

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "குச்சி உட்டுப் பாத்தியே?"

"பாத்தேனே."

"எவ்ளோ இருந்துச்சு?"

"நனைஞ்சிருந்துச்சுன்னு சொன்னேனே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்னால் மச்சான் இருப்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். முகூர்த்தம் பத்தரைக்குள். நடந்தால் போய்ச் சேர முடியாது. ஏறுகிற பஸ்களெல்லாம் விடியற்காலையிலேயே நிரம்பிப் போய்விட்டன. யாருக்கும் தெரியக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பொத்தி வைத்திருந்ததை, போயும் போயும் இந்த ஆள் முன்னால் செய்ய வேண்டியதாயிற்று.

பிரேக்கைத் தளர்த்தி வண்டியைப் பின்னால் உருட்டி, அகலமான வளைவு ஒன்றில் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பினார். இப்போது காரின் மூக்கு திருப்பதியைப் பார்த்தது. பின்பக்கம் ஏழுமலையானைப் பார்த்தது. தாட்சாயணி இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். வேதாச்சலம் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். கம்பியைச் சுழற்றும்போது உள்ளே ஒருவர் பிரேக்கில் கால் வைத்திருந்தால் நல்லது.

"உங்கண்ணன வந்து ஒக்காரச் சொல்லு. பிரேக்க மிதிச்சிக்கினா போதும்."

தாட்சாயணி போய்ச் சொன்னாள். முனிரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க சரக்கு லாரிய நானே ரேணிகுண்டா வரைக்கும் ஓட்டியிருக்கேன்." ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து, உலக வழக்கப்படி நடுவிலிருந்ததைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தார்.

வேதாச்சலம் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்ததோடு நிற்காமல் புலி மாதிரி உறுமியது. பானெட் துடித்தது. புகை கிளம்பியது. வேதாச்சலம் கம்பியைப் போட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு ஓரத்துக் கால்வாய்க்குள் தாவினார். முனிரத்தினம் பயந்துபோய், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினார்.

கால்வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: "சம்பேஸ்தாவேமிரா! காலு தீய்ரா, காலு!"

காலை எடுடா, கொன்றுவிடுவாயா என்பதைச் சுத்தமான சந்தைத் தெலுங்கில் அவர் கேட்டார். முனிரத்தினம் காலை எடுத்தார். இஞ்சின் சாந்தமாயிற்று. அவர் முகத்தில் கோயில் விளக்கு ஏற்றிய மாதிரி ஒரு வெளிச்சம் பரவியது.

"தாட்சா, கேட்டியா? தெலுங்கு தெரியாதவரு பேசுன தெலுங்கக் கேட்டியா?"

"எனக்கு வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றாள் தாட்சாயணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

வேதாச்சலம் வேட்டியை உதறிக்கொண்டு ஏறினார். முனிரத்தினம் டிக்கிக்குப் போனார். இப்போது அவர் சீட்டில் மண்டியிட்டு, மூடியின் மேல் கையூன்றி, மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தாட்சாயணி கல்லை எடுத்தாள். ஜன்னல் துணியை நன்றாகச் சுருட்டிக் கட்டினாள்.

"நான் நடுவுல நின்னு சொல்றதுக்குள்ள வண்டி பள்ளத்துல போய்டும். நீங்களே பேசிக்கோங்க" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி பின்னோக்கி நகர்ந்தது. டாக்டர் சொன்னது பொய்யில்லை; நன்றாகவே ஏறியது. வளைவு வந்தது. முனிரத்தினம் சபதத்தை விடாமல் தெலுங்கில் கூவினார்: "குடி! குடி!"

தெலுங்கில் குடி என்றால் வலது. வேதாச்சலம் கேட்காதவர் போல, "தாகமா இருந்தா அவரே குடிக்கட்டும். எனக்கு வேணாம்" என்றார்.

"குடி பாவகாரு, குடி!" மாப்ளே என்பதையும் தெலுங்கிலேயே கூவினார்.

"விடிஞ்சதும் விடியாததுமா இன்னாடா குடி?"

பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் இடித்தது. வண்டி அதிர்ந்தது. வேதாச்சலம் இதற்கு மேல் விளையாட முடியாது என்று கண்டுகொண்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். ஆனால் அவருடைய வலது, வண்டியின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் வலது. முனிரத்தினத்தின் வலது, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து மண்டியிட்டவரின் வலது. இரண்டும் எதிரெதிர். வண்டி பள்ளத்துப் பக்கமாக அழகாகத் திரும்பியது.

"எடம! எடம!" என்று முனிரத்தினம் மாற்றினார். இடது என்றார்.

வேதாச்சலம் இடது பக்கம் ஒடித்தார். வண்டி பாறையை நோக்கிப் போனது. "இன்னாடா சொல்ற நீ? ஒண்ண சொல்லித் தொலை!"

"நான் சரியாத்தான்..." என்று தமிழில் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிகானே செப்புதுன்னானு!" என்று முடித்தார் முனிரத்தினம்.

அடுத்த வளைவு குறுகலானது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. வேதாச்சலம் பதறிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப, பின்சக்கரம் ஓரத்து மண்ணைக் கிளறியது. கூழாங்கற்கள் உருண்டு விழுந்தன. அவை அடியில் போய்ச் சேரும் சத்தம் வெகுநேரம் வரவில்லை. தாட்சாயணி எட்டிப் பார்த்தாள். கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அதுவரை அடிவயிற்றில் குமிழியிட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. பொண்ணு மணையில் காத்திருக்கும்போது நானே அப்பன், மாமன் ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிவிட்டேனே என்று நினைத்தாள்.  பெட்ரோல் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"யோவ் மாப்ளே! மலைப்பக்கம்யா! மலைப்பக்கம் திருப்பு! இந்தாண்ட பள்ளம்யா!"

அச்சு அசலான தமிழ். விஜயபுரத்துத் தமிழ்.

"மலைப்பக்கமா? ஆ... ஆ... திருப்பிட்டேன். இப்போ?"

"இன்னும் மலைப்பக்கம். போதும். நேரா வா. வா, வா, வா... மலைய ஒட்டி நிறுத்து. பஸ்ஸு வந்துக்கினு இருக்குது!"

கார் மலையோடு ஒட்டி நின்றது. முனிரத்தினத்தின் தலைப்பாகை எப்போதோ பறந்துபோயிருந்தது. அவருடைய வழுக்கை வெயிலில் மின்னியது. பஸ் மெல்ல இறங்கி வந்து பக்கத்தில் நின்றது. உள்ளேயிருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்தன. மேலே போகிற வண்டியின் முகம் கீழே பார்ப்பதையும், அதன் முதுகில் ஒருவர் தட்டோடு மண்டியிட்டிருப்பதையும் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள்.

"ஏமண்டி," என்று பஸ் டிரைவர் மரியாதையாகவே கேட்டார், "எக்குதுன்னாரா, திகுதுன்னாரா?"

ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? முனிரத்தினத்துக்கு அவமானம் பொங்கியது. ஆனால் மாப்பிள்ளையை வெளியாள் கிண்டல் செய்ய விடுவதா?

"இது சீமை வண்டிங்க. இப்டித்தான் ஏறும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்" என்றார் விறைப்பாக. பஸ் முழுக்க, "கோவிந்தா!" என்று ஒரு சிரிப்பு எழும்பி, வளைவில் இறங்கி மறைந்தது.

அதற்குப் பிறகு வலது, இடது, குடி, எடம எதுவும் இல்லை. மலை, பள்ளம் இரண்டே வார்த்தை. முனிரத்தினம் "மலை" என்பார், வேதாச்சலம் திருப்புவார். "பள்ளத்துல கொஞ்சம் உடு" என்பார், விடுவார். நேரான இடங்களில் வேறு பேச்சும் வந்தது.

"கூட்டத்துல நாக்க வித்துட்டான்னு பேசுனியே, என்னத்தான சொன்ன?"

"உன்னச் சொல்லல, மச்சான். பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவா? எல்லாரும் என் கடைக்கு வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போனாங்கய்யா!"

"நீ மட்டும் ஊரு ஆந்திராவுலயே இருக்கட்டும்னு பெட்டிஷன்ல கையெழுத்துப் போடலாமா? எங்கிட்ட ஒரு வார்த்த..."

"மலை! மலை! மொதல்ல மலையப் பாரு, அப்புறம் பெட்டிஷனப் பேசலாம்!"

திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, ஊரிலுள்ள பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்து, எல்லாவற்றுக்கும் வளைவுக்கு வளைவு சண்டை. ஒருவர் குரலை ஒருவர் தூக்கியடிக்கும் சண்டை. தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். நாகஸ்வரக் கச்சேரி கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மேலே மடத்துச் சத்திர வாசலில் சம்பந்தி வெங்கடரமணன் பதறிக்கொண்டு நின்றிருந்தார். தூரத்தில் ஏதோ வருவது தெரிந்தது. சிம்மாசனத்தில் ஏறியவர் மாதிரி, உயரத்தில், நெஞ்சோடு சீர்த்தட்டை அணைத்துக்கொண்டு பெண்ணின் தாய்மாமன் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கார் வந்தது. அந்தக் காருக்குள்ளே, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்றவர். நாகஸ்வரக்காரர் ஒன்றும் புரியாவிட்டாலும் வாசிக்கத் தொடங்கினார்.

வெங்கடரமணன் முன்னால் வந்து வேதாச்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எத்தனையோ கல்யாணம் பாத்திருக்கேன். தாய்மாமன்தான் முன்னால வரணும்னு சொல்லுவாங்க. நீங்க அவரை முன்னால அனுப்பிட்டு, வண்டியையே திருப்பிப் பின்னால வந்திருக்கீங்களே! இப்படி ஒரு மரியாதை யாரு செய்வாங்க?"

வேதாச்சலம் ஒரு கணம் விழித்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். "மொற மொறதானே, சம்பந்தி. எங்க ஊர்ல தாய்மாமன அப்டித்தான் கூட்டிக்கினு வருவோம்."

முனிரத்தினம் இறங்கும்போது அவரை ஒரு பார்வை பார்த்தார். உள்ளதைச் சொன்னால் தனக்குக் கிடைத்த மரியாதையும் போய்விடும். "ஆமாமா" என்றார். "எங்க மாப்ளைக்கு மரியாதை விசயத்துல கொற வெக்கத் தெரியாது."

சுந்தரி மணையில் உட்கார்ந்தாள். தாய்மாமன் சீர் கொடுத்தார். தாலி ஏறியது. அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே அட்சதை போட்டதை அவள் மட்டும் கவனித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பந்தி முடிந்து வெயில் சாய்ந்தது. யாரோ ஒரு டின்னில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ஊற்றுவதற்கு முன் வேதாச்சலம் மெத்தையைத் தூக்கிக் குச்சியை உள்ளே விட்டார். பக்கத்தில் முனிரத்தினம் குனிந்து பார்த்தார். குச்சி கிட்டத்தட்டக் காய்ந்தே வந்தது.

"மலை ஏறும்போது செலவானது போக இவ்ளோன்னா," என்றார் முனிரத்தினம் மெதுவாக, "கெளம்பும்போதே கால் டாங்கி கூட இருந்திருக்காதே."

"இருந்திருக்காது. இவதான் பாத்தா."

"ஆரனையும் இவதான் அமுக்குனா. நீ கூப்புட்றன்னு சொல்லி."

"நான் எங்க கூப்புட்டேன்? நீ எறங்கி வந்துட்டன்னு சொன்னா!"

"நானா எறங்கி வந்தேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தாட்சாயணி சத்திரத்து மரத்தடியில் உட்கார்ந்து, இலையில் மிச்சமிருந்த அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவர்கள் அவளைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. தமிழில் ஆரம்பித்து, போதாமல் தெலுங்குக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். ஒருவருக்கு வார்த்தை கிடைக்காதபோது மற்றவர் எடுத்துக் கொடுத்தார். உயிரோடு விளையாடினாயே என்றார் அண்ணன். ஊர் சிரிக்க வைத்தாயே என்றார் புருஷன். பள்ளத்தைப் பார்த்தபோது தனக்கும் உயிர் போய் உயிர் வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. தப்புதான், தப்புதான் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சில வருஷம் கழித்து எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸுக்குப் போனது. விஜயபுரம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வேதாச்சலம் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் முனிரத்தினம் வந்து இறங்கினார். ஆறுதல் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். வாசலில் கால் வைத்ததும், "இன்னா மாப்ளே, எங்க ராஜ்யத்துல சௌக்யமா இருக்கியா?" என்று கேட்டார்.

படுத்திருந்தவர் துள்ளி எழுந்தார். மில்லில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தாட்சாயணி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள்.